மேசையைச் சுற்றி ஒரு தொழில்

மதுரையில் இருந்துகொண்டு நாங்கள் போர்டு கேம் செய்து விற்கிறோம். ஒரு விளையாட்டை முதலிலிருந்து யோசித்து, விதி எழுதி, ஆடிப் பார்த்து, திருத்தி, சிவகாசியில் அச்சடித்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகிறோம். நிறுவனம் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. முழு நேரமும் இதில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஆனால் ஒரு பெட்டி வீட்டை விட்டு வெளியே போகும்போது அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேருடைய உழைப்பு இருக்கிறது. ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவர் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்து கணினி வடிவமைப்புக்கு வந்த ஓவியர். ஒருவர் ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. எல்லோரும் நண்பர்கள்.

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொழில் செய்யாதே என்று நமக்குச் சொல்லாத பெரியவர் இல்லை. கடை வைப்பவருக்கு அந்தப் புத்திமதி பொருந்தலாம். விளையாட்டு செய்பவனுக்கு அது பொருந்தாது. கதையைத் தனியாக எழுதிவிடலாம், படத்தைத் தனியாக வரைந்துவிடலாம். விளையாட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே நாலு பேர் உட்கார வேண்டும். அரைகுறையாக நிற்கும் ஒன்றை ஆடிப் பார்க்க வாரம்தோறும் யார் வருவார்கள்? நண்பர்கள்தான் வருவார்கள். அவர்கள் உதவியில்லாமல் இந்தத் தொழில் நிற்காது. அந்த உதவியை வேலையாக மதித்து, அளந்து, கணக்கில் எழுதாவிட்டாலும் நிற்காது. இத்தனை காலத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இந்த இரண்டையும்தான்.

உலகம் முழுக்க அறிந்த ஸ்கிராபிளின் தொடக்கமும் இப்படித்தான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒரு சொல் விளையாட்டை உருவாக்கினார். எந்த நிறுவனமும் அதை ஏற்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையைப் பெற்று, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு தொகை என்று பேசிக்கொண்டு, ஸ்கிராபிள் என்ற பெயரில் அதைச் செய்யத் தொடங்கினார். கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றில் புரூனோவும் மனைவியும் நண்பர்கள் சிலரும் உட்கார்ந்து மரச் சில்லுகளில் ஒவ்வோர் எழுத்தாக முத்திரை குத்தினார்கள். 1949இல் 2,400 பெட்டி செய்தார்கள். அந்த ஆண்டு 450 டாலர் நட்டம். பெரிய கடைகளின் கண் அதன்மேல் பட்டது 1950களில்தான். பிறகு வந்த வெற்றியைவிட அந்த 450 டாலர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பர்கள் கூடிச் செய்த வேலைக்கும் ஒருவர் வரவு செலவு எழுதிவந்திருக்கிறார். பட்ஸுக்குச் சேர வேண்டியதும் முதலிலேயே பேசப்பட்டிருக்கிறது.

எங்கள் முதல் விளையாட்டு காய்கறிச் சந்தையைப் பற்றியது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. விடிகாலையில் அங்கே பையோடு போய் வளர்ந்தவர்கள் எங்களில் பலர். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஓர் உழவர். இன்று எந்தக் காயை வண்டியில் ஏற்றுவது என்று மற்றவருக்குக் காட்டாமல் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் திருப்ப வேண்டும். ஒரே காய் பல வண்டிகளில் வந்தால் விலை விழும். விற்காத தக்காளி அன்றோடு அழுகிப்போகும். சின்ன வெங்காயம் அடுத்த சந்தை வரை தாங்கும்.

மேசையில் ஆடிப் பார்த்தபோது கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கெடாத பொருளை விட்டுவிட்டுக் கெடும் பொருளை யார் ஏற்றுவார்? தக்காளி விலையை உயர்த்திப் பார்த்தேன். அப்போது எல்லோரும் தக்காளிக்குத் தாவினார்கள். எண்களை மாற்ற மாற்றச் சிக்கல் இடம் மாறியதே தவிரத் தீரவில்லை. ஒட்டன்சத்திரத்து நண்பர் அதுவரை பேசாமல் ஆடிக்கொண்டிருந்தவர், கார்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாப்ள, வெல இல்லன்னா நாங்க தக்காளியப் பறிக்கவே மாட்டோம். பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கைக்காசுல போகும். செடியிலயே விட்ருவோம். உன் ஆட்டத்துல மட்டும் எல்லாரும் பறிச்சே ஆகணுமா?”

விளையாட்டு அந்தக் கேள்வியில்தான் உயிர்பெற்றது. பறிகூலி வந்தது. பறிக்காமல் விடும் உரிமை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. உழவர் சந்தையில் இடைத்தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது. ஆனால் ஓர் ஆள் உட்கார்ந்து சில்லறையில் விற்கக்கூடிய அளவுதான் விற்கும். ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தையில் எவ்வளவு கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்வார்கள், கமிஷன் போகும். பலகையில் இரண்டு சந்தைகளையும் வைத்தோம். எந்தச் சந்தைக்கு எவ்வளவு, எதைச் செடியிலேயே விடுவது என்ற கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவரின் நெஞ்சைப் பிடித்தது. நண்பர் செய்த உதவி என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். பெட்டி தூக்குவதும் அட்டை ஒட்டுவதும் உதவிதான். என்னிடம் இல்லாத வாழ்க்கையை மேசைக்குக் கொண்டுவந்தது அதைவிடப் பெரிய உதவி.

ஆடிப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நான் ஆட மாட்டேன். நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யார் எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார், தன் முறை வரும்வரை மற்றவர் செய்வதைக் கவனிக்கிறாரா, தோற்கப்போகிறவருக்கு அது எந்தச் சுற்றில் தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகும் அவருக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா, ஆட்டம் முடிந்ததும் கார்டைக் கட்டி வைக்கிறார்களா, மறுபடியும் கலைத்துப் போடுகிறார்களா என்று எழுதிக்கொள்வேன். வாய் சொல்வதைவிட உடம்பு சொல்வது நம்பத்தக்கது. நன்றாக ஓடும் ஆட்டத்தில் எல்லோரும் மேசையை நோக்கிக் குனிந்திருப்பார்கள். தளர்ந்த ஆட்டத்தில் முதுகுகள் நாற்காலியில் சாய்ந்துவிடும்.

“எப்படி இருந்துச்சு?” என்று நண்பரைக் கேட்கக் கூடாது. “சூப்பரா இருக்கு” என்பார். அன்பில் சொல்வார், அதனால் நமக்குப் பயனில்லை. எந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது, எந்த முடிவை மாற்றியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறீர்கள், உங்கள் வீட்டில் யாரோடு இதை ஆடுவீர்கள், யாரோடு ஆட மாட்டீர்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு அன்பு மட்டும் பதில் சொல்ல முடியாது. ஆட்டத்தை நினைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படி வரும் குறைகளை அப்படியே நம்புவேன். கூடவே வரும் பரிகாரங்களை உடனே ஏற்க மாட்டேன். ‘இங்கே சலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது உண்மை. அதை எப்படித் தீர்ப்பது என்பது செய்பவன் தலையில் விழுந்த வேலை.

நண்பர்களால் முடியாத சோதனையும் ஒன்று உண்டு. அவர்களுக்கு என்னைத் தெரியும். விதியில் ஓர் ஓட்டை இருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று ஊகித்து அவர்களே அடைத்துவிடுவார்கள். பெட்டியை வாங்கிப்போகும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அச்சுக்கு முன்னால் என்னை அறியாதவர்கள் விதித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். நான் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதும் நண்பர்கள்தான். ஆசிரியை தன் பள்ளி ஓய்வறையில் மேசை போட்டுத் தருகிறார். வங்கி நண்பர் சனிக்கிழமை மாலை உடன் வேலை பார்ப்பவர்களை அழைத்துவருகிறார். தப்பாக ஆடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான ஒழுக்கம். அவர்கள் தடுக்கிய வரியெல்லாம் நான் திருத்த வேண்டிய வரி.

நம் பழைய விளையாட்டுகளை நான் மிகுந்த வணக்கத்தோடு பார்ப்பது இந்தச் சோதனையின் அருமை தெரிந்ததால்தான். ஆடு புலி ஆட்டத்தில் ஒரு பக்கம் 3 புலி, மறு பக்கம் 15 ஆடு. இரண்டு பக்கமும் வேறு வேறு பலம், வேறு வேறு நோக்கம். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஆனாலும் யார் ஜெயிப்பார் என்று உட்காரும்போது சொல்ல முடியாது. சமமில்லாத இரண்டு பக்கங்களை இப்படி நேர் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவனுக்குத் தெரியும். கோயில் மண்டபங்களின் கல்தரையில் அந்தக் கட்டங்களைச் செதுக்கி ஆடிய தலைமுறைகள் எல்லாம் அதைச் சோதித்துத் திருத்தியவர்கள்தாம். பல்லாங்குழியின் 14 குழிகளும் அப்படி வந்தவையே. 2002இல் சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா நிறுவனம் இந்த மரபு விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அவர்கள் போட்ட பாதையில்தான் எங்களைப் போன்ற சிறியவர்கள் நடக்கிறோம்.

விதித்தாள் எழுதுவது தனிக் கலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு முறை வாசித்து, வீட்டில் பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்க முடிய வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். ஆசிரியைதான் அதற்கு நீதிபதி. முதலில் ஜெயிப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். எதற்காக ஆடுகிறோம் என்று தெரியாதவருக்கு மற்ற விதிகள் மனத்தில் ஒட்டாது. பிறகு மேசையில் எதை எங்கே வைப்பது என்பது படத்தோடு. பிறகு ஒரு முறையில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி. ஒரு செயல் கட்டாயமா விருப்பமா என்பதில் சந்தேகம் வரக் கூடாது. இருவர் சமமாக வந்தால் என்ன, கார்டுக் கட்டு தீர்ந்தால் என்ன என்பதற்கும் பதில் வேண்டும். சண்டை வருவது அந்த இடங்களில்தான். ஆசிரியை சிவப்புப் பேனாவோடு திருப்பித் தரும் தாளைப் பார்க்கும்போது எனக்கு நன்றியே வருகிறது. அவர் அடித்த ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு சண்டையைத் தடுத்திருக்கும்.

இனி அச்சு. சிவகாசி எங்களுக்குப் பக்கம் என்பது பெரிய பேறு. பட்டாசுக்கும் காலண்டருக்கும் பெயர்பெற்ற ஊர், கார்டு அச்சடிப்பதிலும் பழுத்த கைகளைக் கொண்டது. வழக்கமாக நாங்கள் போகும் அச்சகத்து அண்ணாச்சிதான் எனக்கு உற்பத்திக் கணக்கைக் கற்றுத்தந்தவர். என் விளையாட்டில் 56 கார்டு இருந்தது. அவர் தாளில் கார்டு அடங்கும் கணக்கைப் பென்சிலால் போட்டுக் காட்டினார்.

“ஒரு ஷீட்டுல 54 கார்டு ஏறும் தம்பி. இந்த ரெண்டு கார்டுக்காக இன்னொரு ஷீட்டு, இன்னொரு செட்டு பிளேட்டு, இன்னொரு ஓட்டு. அந்த ரெண்டு இல்லாம ஆட முடியாதா?”

முடிந்தது. இரண்டு கார்டை எடுத்த பிறகு ஆட்டம் இன்னும் இறுகியது. நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட். பிளேட்டும், கார்டு வெட்டும் டையும், எந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவரும்வரை வீணாகும் தாளும் 100 பிரதிக்கும் அவ்வளவுதான், 1,000 பிரதிக்கும் அவ்வளவுதான். அதனால்தான் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பெட்டியின் அடக்கவிலை இறங்குகிறது. அந்தச் சரிவு கையை இழுக்கும். கூடுதலாக அடிக்கச் சொல்லி ஆசை காட்டும். அடித்த பெட்டிகள் வீட்டை நிறைக்கும்போது மலிவாகச் செய்த மகிழ்ச்சி இருக்காது. ஒரு வருடத்தில் விற்கக்கூடியதை மட்டும் அடிப்பது என்பது எங்கள் வங்கி நண்பர் போட்ட கோடு, அதைத் தாண்டுவதில்லை.

கார்டின் பின்புறத்தில் ஓரமாக மெல்லிய கட்டம் போடக் கூடாது. டை ஒரு நூல் விலகினாலும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, அந்தக் கார்டு அடையாளம் தெரிந்துபோகும். படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் வரை விட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியாதபடி நடுவில் கறுப்பு அடுக்கு உள்ள அட்டை நல்லது. விலை கட்டாதபோது பின்புறத்துக்கு அடர்ந்த நிறம் கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் பலருக்கு உண்டு. தக்காளியும் கத்தரியும் வெண்டையும் நிறத்தால் மட்டுமல்லாமல் உருவத்தாலும் வேறுபட வேண்டும் என்று ஓவிய நண்பர் பிடிவாதமாக நின்றார். கார்டின் மூலையில் அவர் வரைந்த சின்னச் சின்னக் காய்களை மங்கிய விளக்கிலும் பிரித்தறியலாம்.

பலகையில் காய்களாக நகர்த்துவதற்கான மரக் குண்டுகளை அம்பாசமுத்திரத்தில் கடைந்து வாங்குகிறோம். செப்புச் சாமான் கடையும் ஊர் அது. கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்திப் பூசுகிறார்கள். பிளாஸ்டிக் இதைவிட மலிவு. ஆனால் கையில் எடுத்ததும் விரல் விட மனமில்லாத பொருளாக இருந்தால் ஆடுபவர் விளையாட்டை மதிக்கிறார். அந்தச் செலவை நான் குறைக்க மாட்டேன்.

பெட்டியின் அளவையும் மனம்போல முடிவு செய்ய முடியாது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பதைப் பலரும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வருவது உண்மை எடையைவிட அதிகமென்றால் அதற்குத்தான் கட்டணம். 30க்கு 30க்கு 7 என்று பெரிய சதுரப் பெட்டி செய்தால் உள்ளே காற்று இருந்தாலும் 1.26 கிலோவுக்குக் கட்ட வேண்டும். 20க்கு 15க்கு 5 என்றால் 300 கிராம். எங்கள் பலகையை நாலாக மடித்துச் சின்னப் பெட்டிக்குள் வைத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

பெட்டி அடுக்கும் நாள் எங்கள் வீட்டில் ஒரு விசேஷ நாள். கூடத்தில் பாய் விரித்து வரிசையாக உட்கார்வோம். ஒருவர் கார்டு, ஒருவர் மரக் குண்டு, ஒருவர் பலகை, ஒருவர் விதித்தாள். கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்துப் பார்ப்பார். சரியாக அடுக்கிய பெட்டியின் எடை தெரியும். குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒரு குண்டு குறைந்த பெட்டி ஒரு குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிடும். ஆகவே பேச்சும் சிரிப்பும் எவ்வளவு நடந்தாலும் தராசுக்காரரிடம் மட்டும் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இப்படி உதவுகிறவர்களுக்கு என்ன தருவது? தேநீரும் வடையும் எந்த வேலைக்குப் போதும், காசு எந்த வேலைக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதற்கு நாங்கள் ஒரு கோடு வைத்திருக்கிறோம். ஒருவர் எந்தத் திறமையால் பிழைக்கிறாரோ அதை வாங்கினால் காசு. ஓவியர் வரைந்தால், கணக்காளர் வரித்தாக்கல் செய்தால், வடிவமைப்பாளர் பக்கம் கட்டினால், வெளியாருக்கு எவ்வளவு தருவேனோ அதைத் தர வேண்டும். உடனே முடியாதென்றால் எப்போது, எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். ஆட வந்து உட்கார்ந்ததற்குச் சாப்பாடும் முதல் பிரதியும். பெட்டி அடுக்கினால் நாள் கூலி. வேண்டாம் என்று சொன்னாலும் கணக்கில் அது அவர் பெயரில் நிற்கும். நண்பரிடம் கடன் வாங்குவதைவிட முன்பதிவு வாங்குவது நல்லது. கடன் உறவைக் கனக்கச் செய்யும். முன்பதிவு செய்தவர் கையில் பொருள் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த முறை என்னால் முடியாது’ என்று காரணம் சொல்லாமல் விலகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த உரிமை இல்லாத இடத்தில் உதவி கொஞ்ச நாளில் கட்டாயமாகிவிடும்.

இதெல்லாம் நட்புக்குள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் டிரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டின் வரலாற்றைச் சொல்வேன். 1979 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரண்டு பத்திரிகையாள நண்பர்கள் அதை யோசித்தார்கள். தெரிந்தவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் என்று 32 பேரிடம் சிறு சிறு பங்குகளாகப் பணம் திரட்டினார்கள். படம் வரைந்து கொடுத்த 18 வயது இளைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. அவருக்கு 5 பங்கு கொடுத்தார்கள். 1984இல் அந்த விளையாட்டு வட அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி பிரதி விற்றது. வெற்றி வந்தபோது யார் யாருக்கு என்ன சேரும் என்பது ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. நல்ல காலம் வரும் முன்பே எழுத வேண்டும். வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவர் நினைவும் வேறாக இருக்கும்.

பணத்துக்கு இணையானது பெயர். 1988இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது விளையாட்டு உருவாக்குபவர்கள் 13 பேர் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டு ஒரு முடிவெடுத்தார்கள்: பெட்டியின் மேல் தங்கள் பெயரைப் போடாத பதிப்பகத்துக்கு விளையாட்டு தருவதில்லை. அதன் தொடர்ச்சியாக 1991இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. இன்று உலகெங்கும் பெட்டியின் முகப்பில் விளையாட்டை உருவாக்கியவர் பெயர் இருப்பதற்கு அந்த அட்டை ஒரு பெரிய காரணம். எங்கள் பெட்டியில் ஓவியரின் பெயர் முகப்பில் இருக்கும். விதித்தாளின் கடைசிப் பக்கத்தில் ஆடிப் பார்த்த ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். பறிகூலி என்ற யோசனை யாருடையது என்றும் எழுதியிருக்கிறோம்.

சட்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு விளையாட்டு ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதற்குக் காப்புரிமை கிடைக்காது. படத்துக்கும் விதித்தாளின் எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு, நிறுவனப் பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்யலாம். ஆகவே யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்து விளையாட்டை ஒளித்து வைப்பதில் பயனில்லை. பலரை ஆடவைத்து மேம்படுத்துவதே பாதுகாப்பு. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 தொடக்கத்திலிருந்து பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம். பெட்டியின் மேல் போடும் வயது அலங்காரத்துக்குப் போடுவதல்ல. எந்த வயதுக்குச் செய்கிறோம் என்பதை முதல் நாளே தீர்மானித்து அதற்கேற்பச் செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் போர்டு கேம்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது சிறு நிறுவனங்களுக்கு நல்ல மூச்சு.

விற்பனையில் எங்களுக்கு ஒரே வழிதான் பலித்திருக்கிறது: உட்காரவைத்து ஆடவைப்பது. பள்ளி ஆண்டு விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, கல்லூரி நிகழ்ச்சி என்று எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு மேசை போடுகிறோம். சொல்லிக்கொடுப்பவர் கைகொட்டி அழைக்க வேண்டாம்; ஒரு மேசை சிரித்தால் அடுத்த மேசை தானாக நிறையும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் எங்கள் நண்பர்களில் இரண்டு பேர்தான். அவர்கள் இல்லாத நாளில் விற்பனை பாதிகூட நடப்பதில்லை. சொல்லிக்கொடுப்பதும் ஒரு தொழில்திறம் என்று அதனால் அறிந்தோம். அதற்கும் இப்போது கூலி எழுதுகிறோம்.

பெட்டி விலை எல்லோருக்கும் கட்டாது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஜேம்ஸ் எர்னஸ்ட் 1996இல் தொடங்கிய சீப்ஆஸ் கேம்ஸ் நிறுவனம் பகடை, காய் எதுவும் போடாமல், விளையாட்டுக்கே உரிய கார்டையும் பலகையையும் விதியையும் மட்டும் உறையில் வைத்து மலிவாக விற்றது. மற்றவை எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. நம் வீடுகளில் இன்னும் அதிகமாக இருக்கிறது. புளியங்கொட்டை, சோழி, தாயக்கட்டை இல்லாத தெரு எது? நாங்களும் ஓர் உறைப்பதிப்பு கொண்டுவந்தோம். கார்டும் மடித்த தாள்பலகையும் விதியும் உள்ளே. காய்களுக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குள் எங்கள் விளையாட்டு நுழைந்தது அந்த உறை வழியாகத்தான்.

இந்தத் தொழிலில் பெரிய பணம் இன்னும் வரவில்லை. செலவு போக அடுத்த விளையாட்டை அச்சடிக்கக் காசு மிஞ்சுகிறது, உழைத்தவர்களுக்குப் பாக்கி இல்லை. சிறு நிறுவனம் உயிரோடிருக்க இது போதும். இதில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது: அச்சகம் தேடுவதற்கு முன் மேசைக்கு ஆள் தேடுங்கள், வந்தவர்களின் நேரத்தை உங்கள் சொந்தப் பணத்தைப் போல எண்ணிச் செலவழியுங்கள், பேசிக்கொண்டதை எழுதி, பெயரைப் பெட்டியில் போடுங்கள். இறங்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நண்பர் ஒருவர் அட்டையும் பென்சிலுமாக ஒரு விளையாட்டோடு வந்து நின்றால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடுங்கள், சலித்த இடத்தைச் சலித்தது என்று சொல்லுங்கள், பெட்டியாக வந்த பிறகு இலவசமாகக் கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள்.